மெஷினே இல்லாத காலத்தில் 'லூப்' எழுதிய அடா லவ்லேஸ்!

குற்றாலம் மெயின் அருவியில தண்ணி அளவா விழுற வரைக்கும் குளிக்கலாம். ஆர்ச்சைத் தாண்டிக் கொட்ட ஆரம்பிச்சா, தடை! சி புரோகிராமிங்கில் வரும் 'வைல் லூப்' இதே கதைதான். நிபந்தனை சரியாக இருக்கும்வரை உள்ளே இருக்கும் வரிகள் திரும்பத் திரும்ப ஓடும். ஒவ்வொரு சுற்றுக்கு முன்னாடியும் நிபந்தனையை செக் பண்ணும். முதல் தடவையே அது பொய்யாக இருந்தால், உள்ளே போகவே போகாது.

சி மொழி வந்தது 1972-ல். ஆனால், மத்தளம்பாறை ஸோஹோ ஆபீஸ் முதல் தென்காசி காலேஜ் லேப் வரை இன்னிக்கு எல்லாரும் எழுதுற இந்த 'சுற்று' ஐடியாவை, 1843-லேயே பேப்பரில் போட்டுக் காட்டியவர் அடா லவ்லேஸ்.

கவிஞரின் மகள்

1815 டிசம்பர் 10, லண்டனில் பிறந்தார் அடா. அப்பா, புகழ்பெற்ற கவிஞர் பைரன். குழந்தை பிறந்த கொஞ்ச நாள்லயே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். அப்பாவை அடா அதன்பிறகு பார்க்கவே இல்லை. அவரோட குணம் மகளுக்கும் வந்துடக் கூடாதுனு பயந்த அம்மா, கணக்கு டீச்சர்களை வெச்சு வளர்த்தார்.

பின்னாளில் அடாவுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர், நம்ம மதுரையில் பிறந்த அகஸ்டஸ் டி மார்கன். லாஜிக் பாடத்தில் வரும் டி மார்கன் விதிகள் அவருடையதுதான். மாணவியின் திறமையை மெச்சிய அவரே, இவ்வளவு கணக்கை ஒரு பெண்ணின் உடம்பு தாங்குமா எனக் கவலைப்பட்டு, அடாவின் அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். காலம் அப்படி!

அட்டையில் ஓடும் மெஷின்

17 வயதில் சார்லஸ் பாபேஜைச் சந்தித்தார் அடா. அடுத்த சில வருடங்களில் பாபேஜ், எந்தக் கணக்கையும் போடக்கூடிய ஒரு இயந்திரத்தைத் திட்டமிட்டார். தறியில் டிசைன் போட உதவும் ஜக்கார்டு அட்டைகள் மாதிரி, துளை போட்ட அட்டைகள்தான் அதற்குக் கட்டளை.

அந்த மெஷினைப் பற்றிய பிரெஞ்சுக் கட்டுரை ஒன்றை 1843-ல் மொழிபெயர்த்த அடா, கூடவே தன் குறிப்புகளையும் சேர்த்தார். குறிப்புகள் மட்டும் கட்டுரையைப்போல சுமார் மூன்று மடங்கு! கடைசிக் குறிப்பில், பெர்னூலி எண்களைக் கணக்கிட 25 படிகள் கொண்ட அட்டவணை. அதில் 13 முதல் 23 வரையிலான படிகளைத் திரும்பச் செய்யச் சொல்கிறார். சுற்றுக்குச் சுற்று ஓர் எண்ணிலிருந்து 1 குறையும். இன்னும் எத்தனை சுற்று பாக்கி என்பதற்கு அதுதான் கணக்கு.

அதில் ஒரு 'பக்'கும் இருந்தது. நான்காவது படியில் வகுத்தல் தலைகீழாக அச்சாகியிருந்தது. ஓட்டிப் பார்க்க மெஷின் இருந்திருந்தா, உடனே மாட்டியிருக்கும். பாபேஜின் மெஷின் கடைசிவரை முழுமையாகக் கட்டப்படவே இல்லை.

மூன்றே எழுத்துகள்

அந்தக் குறிப்புகளில் அடாவின் முழுப் பெயர்கூட இல்லை. மூன்று இன்ஷியல்கள் மட்டுமே. கடைசி வருடங்களில் குதிரைப் பந்தயக் கடன், புற்றுநோய் என வலி மேல் வலி. பந்தயத்தை எங்கே நிறுத்தணும்னு மட்டும் அவருக்குத் தெரியவில்லை. 1852 நவம்பர் 27-ல், 36 வயதில் இறந்தார். பைரன் இறந்ததும் அதே வயதில்தான். தான் பார்த்தே பழகாத அப்பாவின் பக்கத்திலேயே தன்னைப் புதைக்கச் சொன்னார், அப்படியே செய்தார்கள்.

அந்த அட்டவணையில் பாபேஜின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் இன்னும் ஓடுது. ஆனாலும், 1953-ல் குறிப்புகள் மறுபடி அச்சாக, உலகம் அடாவைத் திரும்பிப் பார்த்தது. பிறகு ஒரு புரோகிராமிங் மொழிக்கே 'அடா' எனப் பெயர் வைத்தார்கள்.

அடுத்த தடவை வைல் லூப் எழுதும்போது, ரன் பட்டனைத் தட்டுறதுக்கு முன்னாடி பேப்பரில் ரெண்டு சுற்று போட்டுப் பாருங்க. சுற்றுக்குச் சுற்று என்ன மாறுது, எப்போ நிபந்தனை பொய்யாகுது? அந்த ஒரு எண்ணைக் குறைக்க மறந்தா, லூப் நிற்காமல் ஓடிக்கிட்டே இருக்கும். அடாவிடம் இருந்தது பேப்பர் மட்டும்தான்!