தம்மைத் தாம் ஆண்ட அசோகர்

மௌரிய குலத்து மூன்றாம் வேந்தராகிய அசோகர், பிந்துசாரரின் மைந்தர், சந்திரகுப்தரின் பேரர். கி.மு. 268ஐ ஒட்டி அரசுரிமை எய்தினார். உடன்பிறந்தார் தொண்ணூற்றொன்பதின்மரைக் கொன்று அரியணை ஏறினார் என்று பிற்கால நூல்கள் கூறும். அக்கதையை நாம் நம்பவேண்டுவதில்லை. அவர் தாமே பாறையிற் பொறிப்பித்துச் சென்ற குற்றமே போதிய அளவு பெரிது. முடிசூடி எட்டாண்டு கழிந்தபோது கலிங்கத்தை வென்றார். அப்போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டனர். ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர். பன்மடங்கினர் வேறு வகையில் மாண்டனர். இக்கணக்கை எழுதியவர் பகைவர் அல்லர், வென்றவரே எழுதினார்.

கலிங்கத்திற்குப் பின் அவர் ஒரே நாளில் மாறிவிட்டார் என்று சொற்பொழிவுகளில் கூறுவது வழக்கம். அங்ஙனம் அன்று. உபாசகரான பின்னரும் ஓராண்டுக் காலம் தம் முயற்சியில் ஊக்கம் இல்லை என்றும், சங்கத்தை அணுகிய பின்னரே அது வலுப்பெற்றது என்றும் சிறுபாறைச் சாசனத்தில் அவரே ஒப்புகின்றார். பஞ்சசீலம் ஏற்ற மறுமாதமே தவறிவிட்டோமென்று மனமுடையும் அன்பர்கள் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

அவர் வரலாற்றில் எனக்கு மிகுந்த வியப்பூட்டுவது மடைப்பள்ளிச் செய்தியே. முன்னர்க் கறிக்காக நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் கொல்லப்பட்டன என்கிறது முதற் பாறைச் சாசனம். (தொகை மிகையாகவும் இருக்கலாம்.) அச்சாசனம் எழுதப்படும் நாளில் அது மூன்றாகக் குறைந்திருந்தது: மயில் இரண்டு, மான் ஒன்று, மானும் நாள் தவறாமல் அன்று. இனி அம்மூன்றும் கொல்லப்படமாட்டா என்றும் வாக்களித்தார். முற்றும் விட்டொழித்தேன் என்று பொறித்திருந்தால் மறுத்துரைக்கத் துணிபவர் யார்? எஞ்சிய மூன்றை நாடறியக் கணக்குக் காட்டியது ஏன்? எண்ணப்படாத ஆசை, பழக்கம் என்னும் போர்வைக்குள் ஒளிந்துகொள்கின்றது. மூன்று என்று எண்ணி ஊரறியச் சொன்னபின், நான்காவது உயிருக்கு ஆணையிட நாணம் தடுக்கும். இஃது அவர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட வேலி.

முடிசூடிப் பத்தாண்டு கழிந்தபின் சம்போதிக்கு யாத்திரை சென்றார். அதுமுதல் வேட்டையும் உல்லாசப் பயணமும் தம்ம யாத்திரையாக மாறின. அவற்றை வெறுமனே விலக்கவில்லை; அவ்விடத்தில் வேறொன்றை வைத்தார். பன்னிரண்டாம் பாறைச் சாசனத்திலோ நாவடக்கத்தை வற்புறுத்தினார்: காரணமின்றித் தன் சமயத்தைப் புகழ்தலும் பிறர் சமயத்தை இகழ்தலும் ஆகா. மேடையேறும் எங்களுக்குக் கறியை விடுவதினும் இது கடினம்!

மனிதன் தான் செய்த நன்மையை மட்டும் காண்கின்றான், தீமையைக் காண்பதில்லை என்பது மூன்றாம் தூண் சாசனத்தின் கருத்து. கொடுமை, சினம், செருக்கு, பொறாமை ஆகியவற்றை அங்கே பெயர் சொல்லிச் சுட்டுகின்றார். அத்தகைய ஆராய்ச்சி எளிதன்று என்பதையும் மறைக்கவில்லை.

ஆட்சியின் 26ஆம் ஆண்டில் கொல்லத்தகாத உயிர்களின் பட்டியலை விதித்தார். ஆணையிடும் அதிகாரம் அவரிடம் குறைவற இருந்தது. ஆயினும் அடுத்த ஆண்டு வெளியிட்ட ஏழாம் தூண் சாசனத்தில் அவ்விதிகளையே எடைபோட்டார். தம்மம் வளர்வதற்குக் கட்டுப்பாடு, உள்ளத்தால் சிந்தித்துணர்தல் என இரு வழிகள் உண்டு. அவற்றுள் கட்டுப்பாட்டால் விளைவது சிறிது, சிந்தித்துணர்தலால் விளைவதே பெரிது என்று முடிவு கூறினார். ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின், கி.மு. 232ஐ ஒட்டி மறைந்தார். அச்சாசனம் தாங்கிய தூணைத் தோப்ராவிலிருந்து பிரோஸ் ஷா துக்ளக் தில்லிக்குக் கொணர்ந்தார். பிரோஸ் ஷா கோட்லாவில் அது இன்றும் நிற்கின்றது.