மணலைப் படித்த பட்டாளத்துக்காரர்

ஆடி மாதத்தில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பாதையில் நின்று பாருங்கள். காற்று ஆளையே தள்ளும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? வண்டித் தடத்தில் மாவு போலப் படிந்து கிடக்கும் புழுதி, மிதமான காற்றுக்கு அசைவதே இல்லை. ஓர் ஆட்டு மந்தை அந்த வழியே போகட்டும். உடனே புழுதி வானத்துக்குக் கிளம்பிவிடும்!

குண்டாற்று மணலைப் பாருங்கள். புழுதியை விட அது பருமன். இருந்தும் காற்று அதை ஓட்டிக்கொண்டு போகிறது. வரி வரியாகக் கோலம் போட்டு வைக்கிறது.

லேசான புழுதி கிடக்கிறது. கனமான மணல் ஓடுகிறது. இது என்ன அதிசயம்?

இந்த அதிசயத்துக்கு விளக்கம் கண்டவர் ஓர் ஆங்கிலேயர். அவர் கல்லூரிப் பேராசிரியர் அல்ல, பட்டாளத்து அதிகாரி. பெயர் ரால்ப் பாக்னால்டு. மணலைப் பற்றி அவர் கண்ட உண்மைகள், கடைசியில் செவ்வாய்க் கிரகம் வரை போயின.

பாலைவனத்தில் மோட்டார்

பாக்னால்டு 1896-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். தகப்பனாரும் ராணுவ அதிகாரிதான். அக்காள் ஈனிட் பாக்னால்டு, பின்னாளில் பெயர் பெற்ற நாவலாசிரியை.

முதல் உலக யுத்தத்தில் பாக்னால்டு பிரான்ஸ் போர்முனையில் பணியாற்றினார். யுத்தம் முடிந்ததும் கேம்பிரிட்ஜில் என்ஜினீயரிங் படித்தார். பிறகு மறுபடியும் பட்டாளம். எகிப்திலும் இந்தியாவிலும் வேலை பார்த்தார்.

எகிப்தில் இருந்தபோது, லீவு கிடைத்தால் மற்ற அதிகாரிகள் விளையாடப் போவார்கள். இவரோ நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு போர்டு காரில் பாலைவனத்துக்குப் புறப்படுவார். ஒட்டகமே தயங்கும் மணல் கடல் அது.

சக்கரம் மணலில் புதைந்தது. டயரில் காற்றைக் குறைத்து ஓட்டினார். சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடுகளைப் போட்டு வண்டியை மீட்டார்.

என்ஜின் தண்ணீர் கொதித்து ஆவியாகி வீணாயிற்று. அந்த ஆவியை ஒரு டப்பாவில் பிடித்து, மறுபடி தண்ணீராக்கி என்ஜினுக்கே திருப்பினார்.

காரின் இரும்பு, காந்த ஊசியைத் தடுமாற வைத்தது. சூரியனின் நிழலைக் கொண்டு திசை காட்டும் கருவியைச் செய்து பொருத்திக்கொண்டார்.

1929, 1930, 1932 ஆகிய ஆண்டுகளில் லிபியப் பாலைவனத்தில் நெடும் பயணங்கள் செய்தார். அங்கே பிறைச் சந்திரனைப் போன்ற மணல் மேடுகளைக் கண்டார். அவை உருவம் குலையாமல் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. உயிரில்லாத மணலுக்கு இந்த ஒழுங்கு எப்படி வந்தது? இந்தக் கேள்வி அவரை விடவில்லை.

தத்திச் செல்லும் மணல்

1935-ல் பட்டாளத்தை விட்டு விலகினார். லண்டனில் ஒரு கல்லூரியில் இடம் கேட்டு வாங்கினார். பலகையும் கண்ணாடியும் கொண்டு, சுமார் 30 அடி நீளமுள்ள காற்றுக் கூண்டைத் தாமே கட்டினார். அதற்குள் மணலைப் பரப்பிக் காற்றை ஓட்டினார். ஒவ்வொரு மணியும் போகும் வழியைப் படம் பிடித்தார்.

மணல், தூசியைப் போல மிதந்து போவதில்லை. தத்தித் தத்திப் போகிறது. எழும்பிய ஒரு மணி கீழே விழும்போது வேறு மணிகளை மோதித் தெறிக்க வைக்கிறது. அவை விழுந்து இன்னும் பலவற்றைக் கிளப்புகின்றன. ஆகவே, மணலைக் கிளப்பத்தான் பலமான காற்று வேண்டும். கிளம்பிவிட்டால், அதைவிடக் குறைந்த காற்றே அதை ஓட்டப் போதும்.

புழுதியின் ரகசியமும் இதுவே. தரையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு. புழுதித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கின்றன. காற்றின் பிடிக்கு அவை சிக்குவதில்லை. மணல் மணி வந்து மோதினாலோ, ஆட்டின் குளம்பு பட்டாலோதான் எழும்புகின்றன.

1938-ல் மீண்டும் பாலைவனம் போனார். வீசும் மணலின் நடுவே கருவிகளை வைத்துச் சரிபார்த்தார். கூண்டில் கண்ட கணக்கு அங்கேயும் ஒத்து வந்தது!

யுத்தம் வந்தது

1939-ல் இரண்டாம் உலக யுத்தம் மூண்டது. பாக்னால்டைப் பட்டாளம் திரும்ப அழைத்தது. பாலைவனத்தின் பாதைகளை அறிந்தவர் அல்லவா? 1940-ல் எகிப்தில் தனிப் படைப் பிரிவு ஒன்றை அமைத்தார். அது மணல் கடலைக் கடந்து, எதிரியின் முதுகுப்புறத்திலேயே போய் வேவு பார்த்தது.

காற்றோடு ஓடும் மணலைப் பற்றி அவர் எழுதிய நூல் 1941-ல், யுத்தத்தின் நடுவிலேயே வெளிவந்தது. 1944-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராக ஏற்றது. விஞ்ஞானிகளுக்குக் கிடைக்கும் பெரிய கௌரவம் இது.

செவ்வாயிலிருந்து வந்த படம்

1971-ல் அமெரிக்காவின் மாரினர் 9 விண்கலம் செவ்வாயை அடைந்தது. அங்கே ஒன்றுமே தெரியவில்லை. கிரகம் முழுவதையும் புழுதிப் புயல் மூடியிருந்தது! புயல் அடங்கிய பிறகு எடுத்த படங்களில் மணல் மேடுகள் தெரிந்தன.

விஞ்ஞானிகளுக்கு ஆச்சரியம். செவ்வாயின் காற்று, பூமியின் காற்றில் நூற்றில் ஒரு பங்கு அடர்த்திதான். இங்கே 100 கிலோ உள்ள பொருள், அங்கே 38 கிலோ அளவுக்குத்தான் கனக்கும். அப்படிப்பட்ட இடத்தில் மணல் எப்படி ஓடும்? இதைக் கணக்கிட அவர்கள் கையில் எடுத்தது பாக்னால்டின் பழைய நூலைத்தான்.

1977-ல் பூமியின் பாலைவனங்களையும் செவ்வாயின் பாலைவனங்களையும் ஒப்பிடும் மகாநாடு ஒன்றில் பேச, அமெரிக்காவின் நாசா அவரை அழைத்தது. அப்போது அவருக்கு வயது 81.

1990-ல், தமது 94-வது வயதில் பாக்னால்டு காலமானார்.

அவர் பெயரில் மணல் மேடு

அவர் மறைந்து 25 ஆண்டுகளுக்குப் பின், 2015-ல், கியூரியாசிட்டி என்ற இயந்திர வண்டி செவ்வாயில் ஒரு மணல் மேட்டுக் கூட்டத்தை நெருங்கியது. அதற்கு விஞ்ஞானிகள் சூட்டியுள்ள பெயர் பாக்னால்டு மணல் மேடுகள். அவை ஓர் ஆண்டில் ஏறக்குறைய மூன்று அடி வரை நகர்கின்றன. சக்கரத்தால் மணலைக் கீறி, உள்ளே இருப்பதையும் அந்த வண்டி ஆராய்ந்தது.

செவ்வாயின் தூசி சிவப்பு. இந்த மேடுகளின் மணலோ கருமை. நம் பக்கத்தில் அருப்புக்கோட்டைக் கரிசலும், தெற்கே திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரியின் செம்மணலும் இருப்பது போலத்தான். அந்தத் தேரியும் காற்று குவித்த மணலே.

மணலால் என்ன லாபம் என்று பாக்னால்டு கணக்குப் பார்க்கவில்லை. காலடியில் கிடந்ததைப் பொறுமையோடு பார்த்தார், அவ்வளவுதான். அது பாலைவனத்தில் வழி காட்டியது. வேறொரு கிரகத்தையும் விளங்க வைத்தது.

அடுத்த முறை குண்டாற்று மணலில் வரிகளைக் கண்டால், உங்கள் வீட்டுப் பிள்ளைகளைச் சற்று நிறுத்திக் காட்டுங்கள். காற்று வீசும் திசை எது, வரி ஓடும் திசை எது என்று கேளுங்கள். அவர்கள் திருப்பிக் கேள்வி கேட்டால், கோபிக்காதீர்கள்!