சிலேட்டிலிருந்து இழைக் கோட்பாடு வரை: கணித மேதை இராமானுஜன்



சீனிவாச இராமானுஜனைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும், அவரைப் பற்றித்தான் எல்லாருக்கும் தெரியுமே என்றார்கள் நண்பர்கள். தெரியும்தான். ஏழை, மேதை, லண்டன் போனார், சின்ன வயசிலேயே இறந்துபோனார். ஆனால் அவர் அப்படி என்னதான் கணக்குப் போட்டார், அது இன்றைக்கு எங்கே போய் நிற்கிறது என்று கேட்டால் நம்மில் பல பேருக்குப் பதில் இல்லை. எனக்கு விளங்கிய அளவில் அதையும் சேர்த்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் பள்ளிப் பருவமும்

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழித் தாத்தா வீட்டில் பிறந்தார். தந்தை சீனிவாச அய்யங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் குமாஸ்தா. தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். அதில் வரும் சில்லறையும் குடும்பத்துக்கு உதவியது. தாத்தா குடும்பம் காஞ்சிபுரத்தில் இருந்தபோது சிறுவன் இராமானுஜன் சில காலம் அங்கே பள்ளிக்குப் போயிருக்கிறார். எங்கள் ஊர் சாலவாக்கத்திலிருந்து உத்திரமேரூர் போய், அங்கிருந்து காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறுகிறவன் நான். அந்த ஊர்த் தெருவில் அவரும் புத்தகத்தோடு நடந்தவர் என்று படித்தபோது அவர் எனக்கு ரொம்பப் பக்கத்து ஆளாகத் தெரிந்தார்.

பிறகு கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளி. வீட்டில் வாடகைக்குத் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களிடம் கேட்டுக் கேட்டே அவர்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் கற்று முடித்துவிட்டார். லோனி எழுதிய முக்கோணவியல் புத்தகத்தைச் சின்ன வயதிலேயே கரைத்துக் குடித்தார். 1903-ல் ஜி.எஸ். கார் என்பவர் தொகுத்த புத்தகம் ஒன்று கைக்குக் கிடைத்தது. அதில் ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் இருந்தன. நிரூபணம் மட்டும் பெரும்பாலும் கிடையாது. வேறு பிள்ளையாக இருந்தால் மூடி வைத்திருப்பான். இவர் ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்த்தார்.

தோல்வியில் போன ஆண்டுகள்

1904-ல் பள்ளிப் படிப்பைப் பரிசோடு முடித்துக் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். அங்கே கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்கவில்லை. மற்ற பாடங்களில் தவறியதால் உதவித்தொகை போனது. 1905-ல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எப்.ஏ. தேர்வு எழுதினார், தோல்வி. மறு ஆண்டு தனித் தேர்வராக எழுதியும் தோல்விதான்.

இந்த இடத்தை நம்மில் சிலர் வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். இராமானுஜனே பெயில் ஆனவர்தானே, அரியர் வைத்தால் என்ன என்று பேசுகிறார்கள். அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. அந்தத் தோல்வியால் அவருக்கு ஒரு நன்மையும் வரவில்லை. ஐந்தாறு ஆண்டுகள் வேலை இல்லை, பட்டம் இல்லை, சில நாள் வயிற்றுக்கே இல்லை. காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதி வைத்தார். எப்படி வந்தது என்கிற வழிமுறை சிலேட்டோடு அழிந்துபோயிற்று. அந்த நோட்டுப் புத்தகங்களில் இருந்ததை ஒவ்வொன்றாக நிரூபித்து முடிக்கப் பின்னால் வந்த கணித வல்லுநர்களுக்குப் பல பத்து ஆண்டுகள் பிடித்தன.

நோட்டைப் புரட்டிப் பார்த்தவர்கள்

1909-ல் ஜானகி அம்மாளுடன் திருமணம். குடும்பம் ஆன பிறகு வேலை தேடிக் கிளம்பினார். கையில் சர்டிபிகேட் இல்லை, நோட்டுதான் இருந்தது. 1910-ல் திருக்கோவிலூருக்குப் போய், அங்கே துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி அய்யரைச் சந்தித்தார். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர் அவர். நோட்டைப் பார்த்தவருக்கு ஆளின் தரம் புரிந்தது. சென்னையில் இருந்த நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் சில காலம் தன் சொந்தப் பணத்தில் உதவினார். 1911-ல் இராமானுஜனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது.

1912 மார்ச் 1-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கே மேலதிகாரி எஸ். நாராயண அய்யர் தாமும் கணிதம் படித்தவர். மாலையில் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஆதரவு கொடுத்தார். 1913 ஜனவரி 16-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜி.எச். ஹார்டிக்குத் தம் சூத்திரங்களை எழுதி அனுப்பினார். ஹார்டியும் அவருடைய நண்பர் லிட்டில்வுட்டும் அதைப் படித்துப் பார்த்து, இவர் சாதாரண ஆள் இல்லை என்று முடிவு செய்தார்கள். அதன்பின் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. பட்டம் இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது அந்தக் காலத்தில் பெரிய காரியம்.

கடல் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டை மீறி 1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறினார். போய்ச் சேர்ந்த சில மாதங்களில் முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது. சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம், குளிர், தனிமை. அதற்கு நடுவில்தான் அவருடைய பெரிய வேலைகள் நடந்தன.

என்ன கணக்குப் போட்டார்?

இரண்டை மட்டும் சொல்கிறேன். முதலாவது, ஒரு முழு எண்ணை எத்தனை விதமாகப் பிரித்து எழுதலாம் என்பது. 4-ஐ எடுத்துக்கொள்வோம். 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. மொத்தம் 5 விதம். 10-க்கு 42 விதம். 100-க்கு 19,05,69,292 விதம். ஒவ்வொன்றாக எழுதி எண்ணினால் ஆயுள் போதாது. 1918-ல் ஹார்டியும் இராமானுஜனும் இதற்குச் சூத்திரம் தந்தார்கள். எண் பெரிதாகும்போது இந்த விதங்கள் எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பதை அது துல்லியமாகச் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது 1916-ல் வந்தது. ஒன்றிலிருந்து ஒரு மாறியின் முதல் அடுக்கைக் கழிக்க வேண்டும்; அடுத்து ஒன்றிலிருந்து இரண்டாம் அடுக்கை, பிறகு மூன்றாம் அடுக்கை என்று முடிவில்லாமல் போக வேண்டும். கிடைத்ததையெல்லாம் ஒன்றோடொன்று பெருக்கி, அந்தப் பெருக்கலை 24-ஆம் அடுக்குக்கு உயர்த்த வேண்டும். விரித்தால் குணகங்கள் 1, −24, 252, −1472, 4830 என்று வரும். இந்த எண்களின் அளவு ஒரு வரம்பைத் தாண்டாது என்று இராமானுஜன் ஊகித்தார். அதை நிரூபிக்க 58 ஆண்டுகள் ஆயின. 1974-ல் பெல்ஜியம் நாட்டுக்காரர் பியர் டெலிய்ன் நிரூபித்தார். அதற்கு அவர் பயன்படுத்திய கருவி நவீன வடிவியல். வெறும் எண் கணக்கு வடிவியலுக்குள் போய்த்தான் விடை கண்டது.

24 எங்கே போய் நின்றது?

1970-களில் இயற்பியலில் இழைக் கோட்பாடு உருவானது. உலகத்திலுள்ள துகள்கள் உண்மையில் புள்ளிகள் இல்லை, மிக நுண்ணிய இழைகள் என்பது அதன் அடிப்படை. ஒரே வீணைத் தந்தி பல சுரம் தருவது போல, ஒரே வகை இழை அதிரும் விதத்தைப் பொறுத்துப் பல துகளாகத் தெரிகிறது என்கிறார்கள். காஞ்சிபுரம் பக்கத்தில் இழை என்றால் தறிதான் ஞாபகம் வரும். இது அதைவிட எத்தனையோ கோடி மடங்கு மெல்லியது.

முதலில் வந்த எளிய இழைக் கோட்பாடு முரண்பாடு இல்லாமல் நிற்க வேண்டுமானால் காலத்தையும் சேர்த்து 26 பரிமாணம் வேண்டும். அதில் இரண்டு கழிந்துபோக, இழை அதிர்வதற்கு 24 திசைகள் மிஞ்சும். இப்போது கணக்குப் போடுவோம். முதல் சுரத்துக்கு ஒரு பங்கு ஆற்றல், இரண்டாம் சுரத்துக்கு இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த ஆற்றல் ஒரு பங்கு என்றால் 24 விதத்தில் அதிரலாம். இரண்டு பங்கு என்றால்? இரண்டாம் சுரம் ஒன்று: 24 விதம். அல்லது முதல் சுரம் இரண்டு: 300 விதம். ஆக 324. மூன்று பங்கு என்றால் 24 + 576 + 2600 = 3200. இராமானுஜனின் 24-ஆம் அடுக்குப் பெருக்கலைத் தலைகீழாக்கி விரித்தால் வரும் குணகங்கள் 1, 24, 324, 3200. அதே எண்கள். 4-ஐப் பிரித்து எழுதிய அதே வேலைதான், 24 வண்ணத்தில் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் வடிவியல் எங்கே வருகிறது? மூடிய இழை ஒன்று ஒரு சுற்றுப் போய்த் திரும்பிவந்தால் அது கடந்த பாதை மெதுவடை மாதிரி, நடுவில் ஓட்டை உள்ள பரப்பு ஆகும். ஓர் இணைகரத்தின் எதிர்ப் பக்கங்களை ஒட்டினால் அந்த வடிவம் வரும். வேறு வேறு இணைகரத்தை ஒட்டியும் அதே வடையைப் பெறலாம். எந்த இணைகரத்தில் கணக்குப் போட்டாலும் விடை ஒன்றாக இருக்க வேண்டுமே! அப்படி மாறாத தன்மை உடையவற்றை மாடுலர் சார்புகள் என்கிறார்கள். இராமானுஜன் வாழ்நாள் முழுக்கப் புழங்கியது இவற்றோடுதான்.

இன்னொன்றும் உண்டு. கே-3 என்று ஒரு பரப்பு. கும்மர், கேலர், கொடைரா என்ற மூன்று கணித வல்லுநர்களின் நினைவாகவும், காஷ்மீரத்துக் கே-2 சிகரத்தை மனதில் வைத்தும் 1958-ல் ஆந்த்ரே வெய்ல் வைத்த பெயர் அது. நான்காம் படிச் சமன்பாட்டால் கிடைக்கும் பரப்பு அதற்கு ஓர் உதாரணம். கரடுமுரடான கல்லின் மேல் ஒரு பலகையை வைத்தால் அது மூன்று இடத்தில் தொட்டு நிற்கும் அல்லவா? அந்தப் பரப்பை அப்படி ஒரே சமயத்தில் மூன்று புள்ளிகளில் தொடும் தளங்கள், கலப்பெண்களையும் சேர்த்து எண்ணினால், பொதுவாக 3200. பழைய வடிவியலாளர்களுக்கே தெரிந்த எண் இது. இழையின் மூன்றாம் நிலைக்கும் 3200, இதற்கும் 3200. 1996-ல் யாவ், சாஸ்லோ என்ற இருவர் இழைக் கோட்பாட்டின் யோசனைகளை வைத்து, கே-3 பரப்பின் மேலுள்ள ஒரு வகை வளைவரைகளின் எண்ணிக்கை முழுக்க அந்த 1, 24, 324, 3200 என்ற வரிசையிலேயே வரும் என்று சொன்னார்கள். பிற்பாடு அது கணித முறைப்படி நிரூபிக்கப்பட்டது. இழைக் கோட்பாடு உண்மையா என்பதற்கு இன்னும் சோதனைச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் அது வடிவியலுக்குச் சொல்லிக்கொடுத்த இந்தக் கணக்கு நிரூபணமான உண்மை.

கடைசி ஆண்டு

1918-ல் இராமானுஜன் எப்.ஆர்.எஸ். ஆனார், அதே ஆண்டில் டிரினிட்டி கல்லூரியின் பெல்லோவும் ஆனார். ஆனால் 1917 முதலே உடல்நிலை மோசம். 1919-ல் எலும்பும் தோலுமாக ஊர் திரும்பினார். 1920 ஜனவரியில், படுக்கையில் இருந்தபடியே ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் போலித் தீட்டா சார்புகள் என்று புதிதாக ஒன்றைச் சொன்னார். 17 உதாரணம் கொடுத்தார். 1920 ஏப்ரல் 26-ல் சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

அந்தக் கடைசி ஆண்டில் அவர் எழுதிய தாள்களை 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் டிரினிட்டி நூலகத்தில் கண்டெடுத்தார். போலித் தீட்டா சார்புகள் உண்மையில் என்ன என்பதை 2002-ல் நெதர்லாந்தின் ஸ்வேகர்ஸ் விளக்கினார். 2012-ல் அதிஷ் தபோல்கர், சமீர் மூர்த்தி, டான் சாகியர் மூவரும் இழைக் கோட்பாட்டில் கருந்துளைகளின் நிலைகளை எண்ண அவற்றைப் பயன்படுத்தினார்கள். கருந்துளை என்ற பேரே பழக்கத்துக்கு வராத காலத்தில், காய்ச்சலோடு படுத்திருந்தவர் எழுதிய கணக்கு அது.

ஜானகி அம்மாள் அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். சொற்பப் பென்ஷனோடு தையல் வேலையும் செய்து திருவல்லிக்கேணியில் காலம் தள்ளினார். 1994-ல் மறைந்தார்.

நமக்கு என்ன?

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான்தான். கணக்கில் சந்தேகம் என்றால் கேட்க வீட்டில் ஆள் இல்லை. இது எதுக்குடா உதவும் என்று அப்பா கேட்டால் எம்-1, எம்-2 பாடத்துக்குப் பதில் சொல்லத் தெரியாது. நம் கல்லூரியில் பல பேருக்கு இதே நிலைமைதான். இராமானுஜன் ஏழைதான், ஆனால் அவர் வீட்டில் எழுத்து இருந்தது, வாடகைக்கு இருந்த மாணவன்கூடப் புத்தகம் கொண்டுவந்தான். நம் வீடுகளில் அதுவும் இல்லை. அப்படி இருக்க, அவர் மாதிரித் தனியே இருந்து சாதிப்போம் என்று நினைப்பது சரியில்லை. அவரே தனியே சாதிக்கவில்லை. துணை ஆட்சியர், ஆட்சியர், ஆபீஸ் மேலாளர், பேராசிரியர் என்று எத்தனை பேர் அந்த நோட்டைப் பொறுமையாகப் புரட்டினார்கள்! நோட்டைப் பார்க்காமல் மார்க் ஷீட்டை மட்டும் பார்த்தவர்களிடம் அவர் தோற்றவராகவே இருந்தார்.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. 1919 ஜனவரியில், ஊர் திரும்பும் முன், சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் கடிதம் எழுதினார். தனக்கு ஒதுக்கிய ஆண்டுக்கு 250 பவுன் தன் தேவைக்கு அதிகம் என்றும், பெற்றோருக்கு 50 பவுன் கொடுத்து, தன் செலவும் போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் செலவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். உதவித்தொகை பறிபோனால் என்ன ஆகும் என்பது தெரிந்தவர் அல்லவா!

ஆகவே நண்பர்களே, அவர் பிறந்த டிசம்பர் 22-ஐத் தேசியக் கணித தினமாக நாடு கொண்டாடுகிறது. அன்றைக்கு மாலை போட்டுக் கைதட்டிவிட்டுப் போவதோடு நிற்காமல், நம் மாணவர் மன்றம் ஒரு காரியம் செய்யலாம். சீனியர்கள் வாரத்தில் ஒரு மாலை உட்கார்ந்து முதலாம் ஆண்டுத் தம்பி, தங்கைகளின் கணக்கு நோட்டைத் திருத்திக் கொடுக்கலாம். விடை தப்பாக இருந்தாலும் போட்ட வழியைப் பார்க்கலாம். படித்து முடித்த அண்ணன்மார் புத்தகங்களை எடைக்குப் போடாமல் மன்ற அறையில் கொண்டுவந்து வைக்கலாம். நான் என் எம்-1 புத்தகத்தையும் நோட்டையும் வைக்கத் தயார்.

— இரண்டாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை, சாலவாக்கம்