ஃபுராத் நதியிலிருந்து அந்தலூஸ் வரை: அப்துர் ரஹ்மான் அத்தாகில்

தெற்கு ஸ்பெயினில், வெர்தே ஆறு கடலில் கலக்கும் இடத்தருகே அல்முனேகர் என்றொரு சிற்றூர் உள்ளது. அங்கு செல்பவர்கள் கடற்கரையோரம் ஒரு சிலையைக் காணலாம். அந்தலூஸில் உமையா ஆட்சியை நிறுவிய அப்துர் ரஹ்மான் இப்னு முஆவியாவின் சிலை அது.

கி.பி. 750-இல் ஆட்சியைக் கைப்பற்றிய அப்பாஸியர்கள், உமையா குடும்பத்தாரைத் தேடித் தேடிக் கொன்றனர். ஏறத்தாழ இருபது வயதிலிருந்த அப்துர் ரஹ்மான், தம்பியுடன் ஃபுராத் நதியில் குதித்தார். அபயம் தருவதாகக் கரையிலிருந்தவர்கள் கூவியதை நம்பித் தம்பி திரும்பினான். அக்கரை சேர்ந்த அண்ணனின் கண்ணெதிரே அவன் கொல்லப்பட்டான்.

பின்னர் ஐந்தாண்டு தலைமறைவு வாழ்க்கை. பணியாளர் பத்ர் மட்டும் கைவிடாமல் உடனிருந்தார். வட ஆப்பிரிக்காவில் தாய்வழி பெர்பர் உறவினர்கள் அடைக்கலம் தந்தனர். 755-இல் (ஹிஜ்ரி 138) அல்முனேகரில் கரையிறங்கினார். மறு ஆண்டே குர்துபா அருகே, குவாதல்கிவிர் நதிக்கரையில் போரில் வென்று அமீரானார்.

788-இல் வஃபாத்தாகும் வரை 32 ஆண்டுகள் ஆண்டார். குர்துபாவின் பெரிய பள்ளிவாசலைத் தொடங்கியவரும் அவரே. அவரை வீழ்த்தப் படை திரட்டச் செய்த அப்பாஸிய கலீஃபா மன்சூரே அவரைக் குறைஷிகளின் ராஜாளி எனப் போற்றியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

ருஸாஃபா தோட்டத்தில் தனித்து நின்ற பேரீச்ச மரத்தைக் கண்டு, தன்னைப் போலவே அதுவும் தாய்மண்ணைப் பிரிந்ததென உருகிக் கவி பாடினார். இவ்வளவு வென்றவர் ஷாம் தேசத்துக்கு மட்டும் திரும்பவேயில்லை.