பரிசு தேடி வராத நாவல்

சிங்கம்புணரியில் 1920ல் பிறந்த ப. சிங்காரம், பதினெட்டு வயதில் கப்பலேறி மேடான் வட்டிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். போருக்குப் பின் ஊர் திரும்பி, மதுரை தினத்தந்தியில் பணியாற்றினார்.

அவரது 'கடலுக்கு அப்பால்' கலைமகள் நாவல் போட்டியில் முதல் பரிசு பெற்றது. ஆனால், அதைவிடப் பெரிய படைப்பான 'புயலிலே ஒரு தோணி' பதிப்பாளர் கிடைக்காமல் பல ஆண்டுகள் கிடந்து 1972ல்தான் அச்சேறியது. மேடான் கடைத்தெரு, பினாங்கு, ஜப்பானியர் காலம், சிங்கப்பூரில் நேதாஜி தலைமையேற்ற இந்திய தேசிய ராணுவம் என நம் தாத்தாக்கள் பார்த்த உலகம், பேச்சும் மலாய்ச் சொல்லும் மாறாமல் அதில் இருக்கிறது. பரிசுக்கு வேறென்ன தகுதி வேண்டும்? சாகித்ய அகாடமி கண்டுகொள்ளவில்லை. சிங்காரம் மூன்றாவது நாவல் எழுதவேயில்லை.

1997 டிசம்பர் 30ஆம் தேதி மதுரையில் காலமானார். சேமிப்பை ஏழை மாணவர் படிப்புக்குக் கொடுத்திருந்தார்.