ஹில்டகார்ட் பெப்லாவ்: உளநோயாளரின் அருகே அமர்ந்து கேட்கக் கற்பித்த தாதி

1948ஆம் ஆண்டில் எழுதி முடிக்கப்பட்ட நூலொன்று 1952ஆம் ஆண்டு வரை அச்சுவாகனம் ஏறாமல் கிடந்தது. தடையாக நின்றது அதனை எழுதியவரின் தொழிலாகும். வைத்தியர் ஒருவரின் பெயர் இணையாசிரியராக அட்டையில் இடம்பெறாமல், ஒரு தாதி தனித்து இத்தகையதொரு நூலை வெளியிடுவது அக்கால அமெரிக்காவில் வரம்பு மீறிய செயலாகவே கருதப்பட்டது. வைத்தியரின் பெயரைச் சேர்த்துக்கொண்டிருந்தால் நூல் விரைவில் வெளிவந்திருக்கும். அந்தத் தாதி நான்கு ஆண்டுகள் காத்திருந்தார். தாதியத்தில் ஆளிடை உறவுகள் பற்றிய அந்த நூல் இறுதியில் அவரது பெயரை மாத்திரம் தாங்கியே வெளிவந்தது. அவரே ஹில்டகார்ட் பெப்லாவ். உளநலத் தாதியியலின் தாய் என்று தாதியர் உலகம் அவரைக் குறிப்பிடுகின்றது.

அந்தக் காத்திருப்பின் பொருளை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், அன்றைய உளநோய் வைத்தியசாலைகளின் நிலையை அறிந்திருத்தல் அவசியமாகும். அமெரிக்காவில் உளநோயாளரைப் பராமரிப்பதற்கெனத் தாதியரைப் பயிற்றும் முதலாவது பாடசாலை 1882இல் மசச்சூசெட்ஸ் மாநிலத்தின் மக்லீன் வைத்தியசாலையில் தொடங்கப்பட்டது. ஹரியட் பெய்லி என்ற தாதி 1920இல் இத்துறைக்கான பாடநூலொன்றை எழுதினார். ஆயினும், நடைமுறையில் உளநோய் விடுதியில் தாதியின் கடமை காவல் காப்பதாகவே இருந்தது. கதவைப் பூட்டுதல், குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், கட்டுக்கடங்காதவரைக் கட்டுப்படுத்துதல், வைத்தியர் அளிக்கும் அதிர்ச்சிச் சிகிச்சைக்கு உதவி நிற்றல் என்பனவே அவளது நாளாந்தப் பணிகளாயின. 1950களின் நடுப்பகுதியில் அந்நாட்டின் அரச உளநோய் வைத்தியசாலைகளில் 5 இலட்சத்து 50 ஆயிரத்திற்கும் அதிகமானோர் தங்கியிருந்தனர். அவர்களுள் பலர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே வாழ்ந்து மடிந்தவர்கள். அவர்களோடு நாள் முழுவதும் இருந்தவர்கள் தாதியரும் உதவியாளருமே. ஆனால், அந்த நோயாளியின் உள்ளத்தைப் பற்றி அறிந்துகொள்ளும் உரிமையும் அதுபற்றிப் பேசும் தகுதியும் தாதிக்கு உண்டென எவரும் எண்ணியதில்லை.

பெப்லாவ் 1909ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி பென்சில்வேனியா மாநிலத்தின் ரெடிங் நகரில் பிறந்தார். பெற்றோர் போலந்துப் பகுதியிலிருந்து குடிபெயர்ந்து வந்த ஜேர்மன் வழியினர். பிள்ளைகள் அறுவர். தந்தை எழுத்தறிவற்றவர், கடும் உழைப்பாளி. தாயார் எதிலும் குறை பொறுக்காத கண்டிப்பு மிக்கவர். உயர்கல்வி என்பது அந்த வீட்டில் பேசப்படாத விடயம். 1918இல் உலகெங்கும் பரவிய கொள்ளை நோயான இன்புளுவன்சாக் காய்ச்சல் ரெடிங் நகரையும் விட்டுவைக்கவில்லை. காய்ச்சலின் உச்சத்தில் சித்தம் தடுமாறிய மனிதர்களையும், அவர்களைச் செய்வதறியாது பார்த்து நின்ற குடும்பங்களையும் ஒன்பது வயதுச் சிறுமி கண்டாள். நோய் உடலை மட்டுமன்றி மனிதரின் நடத்தையையும் மாற்றிவிடுகின்றது என்ற எண்ணம் அவரது மனதில் அப்போதே பதிந்தது.

பொட்ஸ்டவுன் வைத்தியசாலையின் தாதியர் பாடசாலையில் பயின்று 1931இல் வெளியேறினார். அக்காலத் தாதியர் பாடசாலைகள் கல்விக்கூடங்கள் என்பதைவிட, கூலியில்லாத் தொழிலாளரை வைத்தியசாலைக்கு வழங்கும் நிலையங்கள் எனலாம். அங்கே கீழ்ப்படிவே முதற்பாடம். பென்சில்வேனியாவிலும் நியூயோர்க்கிலும் சில காலம் பணியாற்றிய பின்னர், கோடைகால முகாமொன்றில் தாதியாகப் பணிபுரியும் வாய்ப்புக் கிடைத்தது. அதுவே அவரை வெர்மொன்ட் மாநிலத்தின் பெனிங்டன் கல்லூரிக்குச் சுகாதாரத் தாதியாக அழைத்துச் சென்றது. வாழ்க்கையில் சில திருப்பங்கள் இவ்வாறு சாதாரணமாகவே நிகழ்ந்துவிடுகின்றன. மாணவியருக்கு மருந்து கொடுக்கச் சென்றவர் அங்கேயே மாணவியாகவும் சேர்ந்து, ஆளிடை உளவியலில் 1943இல் இளமாணிப் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று.

பெனிங்டன் காலத்தில் அவருக்கு வாய்த்த ஆசிரியர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். நாஸி ஜேர்மனியை விட்டு நீங்கி வந்த சிந்தனையாளர் எரிக் புரொம்மிடம் அவர் பயின்றார். மேரிலாந்து மாநிலத்திலிருந்த செஸ்நட் லொட்ஜ் என்ற தனியார் உளநோய் வைத்தியசாலையில் பிரீடா புரொம்–ரைக்மனின் பணியை அருகிருந்து கண்டார். ஹரி ஸ்டாக் சலிவனின் விரிவுரைகளைக் கேட்டார். உளநோயைத் தனியொரு மனிதனின் தலைக்குள் நிகழும் கோளாறாகப் பார்க்காமல், அவனுக்கும் அவனைச் சூழ்ந்தோருக்கும் இடையிலான உறவுகளில் நேர்ந்த சிதைவாக நோக்க வேண்டும் என்பது சலிவனின் கொள்கை. வைத்தியர்களுக்காகக் கூறப்பட்ட இக்கருத்தைப் பெப்லாவ் தாதியின் நிலையிலிருந்து கேட்டார். நோய் உறவில் பிறக்குமாயின், குணமும் உறவிலேதான் பிறக்க வேண்டும். அவ்வாறாயின், நோயாளியுடன் நாளில் அதிக நேரத்தைக் கழிக்கும் தாதியின் ஒவ்வொரு சொல்லும் ஒன்றில் மருந்தாகும் அல்லது நஞ்சாகும். அவரது வாழ்நாள் உழைப்பு முழுவதும் இந்த ஒரு சிந்தனையின் விரிவே ஆகும்.

இரண்டாம் உலகப் போரின்போது 1943 முதல் 1945 வரை அமெரிக்க இராணுவத் தாதியர் படையில் சேவையாற்றினார். இங்கிலாந்தில், இராணுவ உளமருத்துவப் பாடசாலை இயங்கிவந்த 312ஆவது நிலைய வைத்தியசாலையில் அவர் பணிக்கமர்த்தப்பட்டார். போர்க்களத்திலிருந்து உடலில் காயமின்றி, ஆனால் உள்ளம் நொறுங்கி வந்த இளம் போர்வீரர்களை அங்கு கண்டார். பிரித்தானிய, அமெரிக்க உளமருத்துவத்தின் முன்னோடிகள் பலருடனும் அங்கேயே அறிமுகமானார். போர் முடிந்தபின் அவர்களுள் பலரே அமெரிக்காவின் உளநலச் சேவையைச் சீரமைக்க முன்னின்றனர். 1946இல் நிறைவேறிய தேசிய உளநலச் சட்டம் அம்முயற்சியின் விளைவாகும். உளமருத்துவம், உளவியல், சமூகப்பணி ஆகியவற்றோடு உளநலத் தாதியியலையும் உயர்கல்விக்கான நிதியுதவி பெறும் துறையாக அது ஏற்றுக்கொண்டது. காவற்காரியாகக் கருதப்பட்டவளுக்குப் பல்கலைக்கழகத்தின் கதவு சட்டரீதியாகத் திறந்தது அப்போதுதான்.

பெப்லாவ் அந்தக் கதவின் வழியாக நுழைந்த முதல் தலைமுறையைச் சேர்ந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் 1947இல் முதுமாணிப் பட்டத்தையும் 1953இல் கலாநிதிப் பட்டத்தையும் பெற்றார். வில்லியம் அலன்சன் வைட் நிறுவகத்தில் உளப்பகுப்பாய்வுச் சான்றிதழையும் பெற்றுக்கொண்டார். இந்தக் காலப்பகுதி முழுவதும் அவர் கற்றுக்கொண்டே கற்பித்தார். 1945இல் பிறந்த தமது மகளைத் தனித்து நின்று வளர்க்கும் பொறுப்பையும் சுமந்தார். திருமணம் செய்யாத தாயொருத்தியைச் சமூகம் எவ்வாறு நோக்கிய காலம் அது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அவர் பெற்றது கல்வியியல் கலாநிதிப் பட்டம் என்பது இங்கே கவனத்திற்குரியது. தாதியர் கலாநிதிப் பட்டம் பெறுவதாயின் பெரும்பாலும் கல்வியியல், உளவியல், சமூகவியல் என்று வேறொரு துறையின் வாசலிலேயே நிற்க வேண்டியிருந்தது. உளநலத் தாதியியலைச் சிறப்புத் துறையாகக் கொண்ட தாதிய விஞ்ஞானக் கலாநிதிப் பட்டத்தை பொஸ்டன் பல்கலைக்கழகம் 1960இல் அறிமுகப்படுத்தியபோது, பெப்லாவ் கலாநிதியாகி ஏழு ஆண்டுகள் கழிந்திருந்தன. தமக்குக் கிடைக்காத பட்டத்திற்குரிய அறிவுத்துறையை, இரவல் வாங்கிய பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டியெழுப்பியவர் அவர் எனலாம்.

அந்த அறிவுத்துறையின் அடித்தளம் மேலே குறிப்பிட்ட நூலாகும். தாதியும் நோயாளியும் முதலில் அந்நியராகவே சந்திக்கின்றனர் என்ற எளிய உண்மையிலிருந்து அது தொடங்குகின்றது. பின்னர் நோயாளி தனது இடர் யாதென அறிந்துகொள்ளும் நிலை, உதவக்கூடியவரை இனங்கண்டு அவருடன் ஒன்றும் நிலை, கிடைக்கும் உதவியை முழுமையாகப் பயன்கொள்ளும் நிலை, இறுதியில் தாதியிடமிருந்து விடுபட்டுத் தன் காலில் நிற்கும் நிலை என்று அந்த உறவு நகர்கின்றது. இந்தப் பயணத்தில் தாதி தகவல் தருபவளாகவும் ஆசிரியையாகவும் வழிநடத்துபவளாகவும் உளவளத்துணையாளராகவும் மாறி மாறி அமைகின்றாள். சில வேளைகளில் நோயாளியின் தாய்க்கோ உடன்பிறப்புக்கோ பதிலாளாகவும் நிற்கின்றாள். இவற்றுள் உளவளத்துணையே உளநலத் தாதியியலின் மையம் என 1962இல் அமெரிக்கத் தாதியர் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில் அவர் அறுதியிட்டுக் கூறினார்.

பதகளிப்புப் பற்றிய அவரது விளக்கம் இன்றுவரை பாடநூல்களில் இடம்பெறுகின்றது. இலேசான பதகளிப்பு மனிதனை விழிப்படையச் செய்கின்றது. மிதமான பதகளிப்பில் கவனம் குறுகுகின்றது. கடுமையான நிலையில் சிதறிய துணுக்குகளே மனதிற்குப் புலப்படுகின்றன. பீதி நிலையில் எதுவுமே விளங்குவதில்லை. இந்த நான்கு படிகளையும் அறிந்த தாதி, கடுமையான பதகளிப்பில் இருப்பவருக்கு நீண்ட விளக்கம் அளித்துக்கொண்டிருக்க மாட்டாள். சிறு சொற்களால் பேசுவாள், அருகில் இருப்பாள். தாதியின் பதகளிப்பு நோயாளியைத் தொற்றும் என்பதையும் பெப்லாவ் வலியுறுத்தினார். ஆகையால், தாதி முதலில் தன்னையே கற்க வேண்டியிருந்தது.

அதற்கு அவர் கையாண்ட வழி மாணவியருக்கு இலகுவானதன்று. ஒரே நோயாளியுடன் குறித்த நேரத்தில் மீண்டும் மீண்டும் அமர்ந்து உரையாட வேண்டும். அவர் கூறியதையும் தான் கூறியதையும் சொல் பிசகாமல் எழுதிவர வேண்டும். அந்தப் பதிவு வரிக்கு வரி ஆராயப்படும். ஆறுதல் என்று நினைத்துக் கூறியது, பேச்சைத் திசைதிருப்பியது, தன் சங்கடத்தை மறைக்கக் கேட்டது யாவும் அதில் வெளிப்பட்டுவிடும். நோயாளி யாரையும் பெயர் குறிப்பிடாமல் அவர்கள் என்று பொதுவாகப் பேசினால், அந்த அவர்கள் யார் எனக் கேட்கும்படி பணிப்பார். ஆட்களும் பொருட்களும் பெயர் பெறும்போதே சிதறிய சிந்தனை கோர்வை பெறும் என்பது அவரது நம்பிக்கை. எல்லாம் சரியாகிவிடும் என்ற வெற்று ஆறுதலை அவர் விரும்பவில்லை.

1954இல் நியூ ஜேர்ஸி மாநிலத்தின் றட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இணைந்து, உளநலத் தாதியியலில் சிகிச்சைசார் நிபுணர்களை மாத்திரம் உருவாக்கும் முதலாவது பட்டப்பின் கற்கைநெறியை ஆரம்பித்தார். 1974 வரை அங்கேயே கற்பித்தார். 1950களிலும் 60களிலும் கோடை விடுமுறைகளில் அவர் ஓய்ந்திருக்கவில்லை. நாடெங்கிலும் உள்ள அரச உளநோய் வைத்தியசாலைகளுக்குச் சென்று, பல்கலைக்கழகத்தைக் கண்டிராத தாதியருக்குப் பட்டறைகளை நடத்தினார். நேர்காணும் முறையையும் தனிநபர், குடும்ப, குழுச் சிகிச்சை முறைகளையும் கற்பித்தார். தாதி சிகிச்சையாளராவதா என்ற எதிர்ப்பு வைத்தியர்களிடமிருந்து எழுந்தது வியப்பன்று. தாதியர் தரப்பிலேயே அது எழுந்ததுதான் வேதனை. நெடுங்காலம் கீழ்ப்படிந்து பழகியோருக்குப் பொறுப்பை ஏற்பது எளிதாயிருக்கவில்லை.

பின்னாளில் பதவிகளும் வந்தன. அமெரிக்கத் தாதியர் சங்கம் நெருக்கடியிலிருந்த 1969இல் அதன் நிறைவேற்றுப் பணிப்பாளராகவும், தொடர்ந்து 1972 வரை தலைவராகவும் இருந்தார். இவ்விரு பொறுப்புகளையும் வகித்தவர் அவர் ஒருவரே. சர்வதேசத் தாதியர் பேரவையின் சபையில் அங்கம் வகித்தார். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டப்பின் கற்கையை நிறுவ உதவினார். 1997இல் தாதியர் உலகின் அதியுயர் விருதெனப்படும் கிறிஸ்டியன் ரைமன் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

அவரது கொள்கை குறையற்றதன்று. பேசாத நோயாளிக்கும், நினைவு மங்கியவருக்கும் உரையாடலை மையமாகக் கொண்ட முறை முழுமையாகப் பொருந்துவதில்லை என்ற விமர்சனம் நியாயமானதே. நோயாளி சில நாட்களில் விடுதியை விட்டு நீங்கும் இக்காலத்தில், உறவின் படிநிலைகள் முதிர்வதற்கு அவகாசமும் இல்லை. அவரது ஆசிரியர்களின் கருத்துகள் சிலவும் காலத்தால் கைவிடப்பட்டன. உளப்பிளவை நோய்க்குத் தாயின் வளர்ப்பைக் குற்றஞ்சாட்டிய புரொம்–ரைக்மனின் 1948ஆம் ஆண்டுக் கருத்து எத்தனையோ தாய்மாரை வீண்பழிக்கு ஆளாக்கியது. 1954 முதல் அமெரிக்க விடுதிகளுக்குள் வந்த குளோர்புரோமசின் போன்ற மருந்துகள், அந்நோயில் உடலின் பங்கு எவ்வளவு என்பதை உணர்த்தின. இருப்பினும், மருந்தை விழுங்க மறுக்கும் நோயாளியின் முன் நிற்பவள் தாதிதான். அவளுக்கு அங்கே கைகொடுப்பது பெப்லாவ் கற்பித்த கலையே.

ஓய்வின் பின்னர் கலிபோர்னியாவில் வாழ்ந்த அவர், 1999ஆம் ஆண்டு மார்ச் 17ஆந் திகதி தமது 89ஆவது வயதில் ஷேர்மன் ஓக்ஸ் பகுதியிலுள்ள இல்லத்தில் காலமானார். அவரது ஆவணங்கள் ஹார்வட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த, பெண்கள் வரலாற்றுக்கான ஷ்லெசிஞ்சர் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. நோயாளியின் அருகே அமர்ந்து சொல் பிசகாமல் எழுதும் பதிவு முறையோ தாதியர் கல்விக்கூடங்களில் இன்னமும் வழக்கில் உள்ளது. அதனை எழுதத் தொடங்கும் மாணவியர் முதல் வாரத்தில் அதனை வெறுப்பதும் உண்டு.