கணினிக்கு மொழிபெயர்ப்பாளர் தந்த கிரேஸ் ஹாப்பர்

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறையிலும், இடுக்கி மலையில் மூணாற்றிலும் வளரும் தமிழ்க் குழந்தைகள் ஒரு செய்தியைச் சிறு வயதிலேயே அறிந்துகொள்கின்றனர். வீட்டில் வெள்ளம் என்றால் கரைபுரண்டு ஓடும் ஆற்றுப்பெருக்கு. கடையிலும் பேருந்திலும் மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிக்கும் தண்ணீர். சொல் ஒன்று, பொருள் வேறு. ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் போகும்போது சொல்லை மட்டும் எடுத்துச்சென்று, பொருளைச் சரிபாராமல் விட்டால், தாகத்திற்குத் தண்ணீர் கேட்டவர் பேரிடரை அறிவித்தவர் ஆகிவிடுவார்.

கணினிக்குள்ளும் இத்தகைய பெயர்ப்பு ஓயாமல் நடைபெறுகிறது. மனிதர் எழுதும் நிரலைப் பொறி அறியும் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருளுக்கு நிரல்பெயர்ப்பி என்று பெயர். கணினி வகுப்பில் கம்பைலர் என்று கேட்டிருப்பீர்கள். அதை உருவாக்கிய முன்னோடிகளுள் ஒருவர் கிரேஸ் ஹாப்பர் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர். உருவாக்கியதோடு நில்லாமல், பெயர்ப்பி சரியாகப் பெயர்க்கிறதா என்று சோதிக்கும் வழியையும் அவர் வகுத்தார். முன்னதைப் பலரும் போற்றுகின்றனர். பின்னதை நினைப்பவர் குறைவு.

கிரேஸ் 1906ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில், மணியடித்து எழுப்பும் கடிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்று அறிய விரும்பி வீட்டிலிருந்த ஒன்றைப் பிரித்தார். மீண்டும் பூட்டத் தெரியவில்லை. எப்படிப் பூட்டுவது என்று பார்க்க அடுத்ததைப் பிரித்தார். இவ்வாறே ஏழு கடிகாரங்கள் துண்டு துண்டாயின. இனி ஒரு கடிகாரத்தோடு நிறுத்திக்கொள்ளுமாறு தாய் கட்டளையிட்டார். கடிகாரத்தைத் தொடவே கூடாது என்று தடுக்கவில்லை.

வாசர் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் பயின்று 1928இல் பட்டம் பெற்ற அவர், 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் ஆனார். வாசர் கல்லூரியிலேயே ஆசிரியராகப் பணியாற்றினார். இரண்டாம் உலகப்போர் மூண்டபோது கடற்படையில் சேர விரும்பினார். வயது கூடுதல் என்றும், விதித்த அளவைவிட எடை ஏறக்குறைய 7 கிலோ குறைவு என்றும் தடைகள் எழுந்தன. சிறப்பு அனுமதி பெற்று 1943ஆம் ஆண்டின் இறுதியில் சேர்ந்தார். மறு ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் 1 என்னும் கணக்கிடும் பொறியில் பணியாற்றுமாறு அனுப்பப்பட்டார். அப்பொறி 51 அடி நீளம் கொண்டது. துளையிட்ட காகித நாடாவில் கட்டளைகளைப் பதித்து அதற்கு ஊட்ட வேண்டும்.

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், அடுத்த பொறியாகிய மார்க் 2 தவறாக இயங்கியது. தேடிப் பார்த்தபோது மின்விசைப் பொருத்தி ஒன்றினுள் விட்டில்பூச்சி ஒன்று சிக்கி இறந்திருந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி வைத்தனர். கணினிப் பிழையைப் பூச்சி எனப் பொருள்படும் பக் என்ற ஆங்கிலச் சொல்லால் குறிக்கும் வழக்கம் அன்றுதான் பிறந்தது என்றும், அப்பூச்சியைப் பிடித்தவர் ஹாப்பர் என்றும் பல நூல்கள் எழுதுகின்றன. இரண்டும் சரியல்ல. எடிசன் காலத்திலேயே பொறியாளர்கள் அச்சொல்லைப் பழுதுக்கு வழங்கினர். பூச்சியைக் கண்டவர்கள் உடன் பணியாற்றியோர். ஹாப்பர் அக்கதையைச் சுவைபடச் சொல்லிச் சொல்லி, அது அவருடைய கதையாகவே நிலைத்துவிட்டது.

1949இல் பிலடெல்பியாவில் யூனிவாக் கணினியை உருவாக்கிக்கொண்டிருந்த எக்கர்ட் மாக்லி நிறுவனத்தில் ஹாப்பர் சேர்ந்தார். அங்கே ஒரு கணினியில் கணக்குகள் எட்டடிமான முறையில் எழுதப்பட்டன. அம்முறையில் 8, 9 என்னும் இலக்கங்கள் இல்லை. 7க்கு அடுத்து 10 வரும். நாள்தோறும் அதிலேயே பழகிய ஹாப்பருக்கு ஒரு சமயம் தம் வங்கிக் கணக்கு எவ்வளவு முயன்றும் ஒத்துவரவில்லை. வங்கித்துறையில் இருந்த தம்பியிடம் காட்டினார். அவர் பல இரவுகள் ஆராய்ந்து காரணத்தைக் கண்டார். ஹாப்பர் சில இடங்களில் எட்டடிமானத்தில் கழித்திருந்தார். எண்களில் குறையில்லை, கழித்தலிலும் குறையில்லை. எண் எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதை மட்டும் கை மறந்திருந்தது.

அவருடன் பணியாற்றியோரும் இவ்வாறே தவறினர். முன்பு எழுதிய நிரல் துண்டுகளை அவர்கள் குறிப்பேடுகளில் சேமித்து வைத்து, வேண்டும்போது கையால் படியெடுத்தனர். படியெடுக்கையில் 4 என்னும் எண் A என்னும் எழுத்தாக மாறிவிடும். B என்னும் எழுத்து 13 என்னும் எண்ணாகிவிடும். எழுத்து எண்ணாவதையும் எண் எழுத்தாவதையும் மனிதக் கண் எளிதில் கவனிப்பதில்லை. சலிப்பின்றிப் படியெடுக்கும் வேலையைக் கணினியிடமே ஒப்படைத்தால் என்ன என்று ஹாப்பர் எண்ணினார். அவ்வெண்ணத்தின் பயனே ஏ-0 என்னும் பெயர்ப்பி. 1952ஆம் ஆண்டு மே மாதம் பிட்ஸ்பர்க்கில் அதைப் பற்றிக் கட்டுரை வழங்கினார். பெயர்ப்பி இயங்கிக்கொண்டிருந்தது, ஆனால் அது இயங்கும் என்று நம்புவார் இல்லை. கணினியால் கூட்டவும் கழிக்கவும் மட்டுமே இயலும், நிரல் எழுத இயலாது என்பது அன்றைய அறிஞர் பலரின் முடிவு.

ஏ-0 இன்றைய பெயர்ப்பிகளைப் போன்று முழுமையானதன்று. நிரல் துண்டுகளைத் தேடி எடுத்துக் கோத்துத் தருவதே அதன் முதன்மைப் பணி. ஹாப்பரின் விருப்பம் அதைவிடப் பெரியது. வணிகரும் அலுவலரும் தங்களுக்குப் பழகிய சொற்களாலேயே கணினிக்குக் கட்டளையிட வேண்டும் என அவர் விரும்பினார். மாதிரியாகச் சிறு நிரல் ஒன்றை ஆங்கிலச் சொற்களில் எழுதி இயக்கிக் காட்டினார். பின்னர் அதே நிரலைப் பிரெஞ்சுச் சொற்களிலும் ஜெர்மன் சொற்களிலும் எழுதி இயக்கினார். மேலாளர்கள் திடுக்கிட்டனர். பிலடெல்பியாவில் செய்த அமெரிக்கக் கணினி எப்படிப் பிரெஞ்சு மொழியை அறியும் என்பது அவர்களின் ஐயம். கணினிக்கு ஆங்கிலமும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. அதற்கு எல்லாச் சொற்களும் வெறும் குறிகளே என்பதை விளக்கி அவர்களைத் தெளிவிக்கப் பல மாதங்கள் ஆயின. வீட்டில் ஒரு மொழியும் வெளியில் ஒரு மொழியும் பேசும் பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும், அம்மேலாளர்களுக்கு விளங்கவில்லை.

அம்முயற்சி புளோ-மேட்டிக் என்னும் நிரல்மொழியானது. 1959இல் அரசும் கணினி நிறுவனங்களும் கூடி ஒரு பொதுவான வணிக நிரல்மொழியை வகுத்தபோது, புளோ-மேட்டிக்கே அதற்குப் பெருமளவில் அடித்தளமாயிற்று. அம்மொழியின் பெயர் கோபால். ஹாப்பர் அக்குழுவினருக்கு அறிவுரையாளராக இருந்தார். மொழியை வகுத்தவர்கள் பலர். 1960 டிசம்பரில், இரு வேறு நிறுவனங்களின் கணினிகளில் ஏறக்குறைய ஒரே கோபால் நிரல் இயங்கிக் காட்டியது.

கோபால் நிரலில் ஒவ்வொரு தரவுக்கும் முன்னதாகவே ஓர் அச்சு வகுக்க வேண்டும். எண் வரும் இடத்தில் 9 என்றும், எழுத்து வரும் இடத்தில் A என்றும், எதுவும் வரலாம் என்ற இடத்தில் X என்றும் குறிப்பர். இதையே இன்று தரவினம் என்கிறோம். ஓர் இனத்திலுள்ள தரவை மற்றோர் இனத்திற்கு மாற்றுவது இனமாற்றம்.

இதன் அருமையைத் தேயிலைத் தோட்டக் கணக்கால் அறியலாம். ஒரு தொழிலாளி எடுத்த கொழுந்தை நிறுத்தபோது 27.8 கிலோ வந்தது என்க. அதைப் பதியும் இடம் முழு எண்ணை மட்டும் ஏற்பதானால் 27 நிற்கும், 0.8 உதிர்ந்துவிடும். நாள்தோறும் இவ்வாறே நிகழ்ந்தால் 25 நாளில் 20 கிலோ கொழுந்துக்குக் கணக்கில்லை. எவரும் ஏமாற்றவில்லை, தராசிலும் குற்றமில்லை. ஆயினும் கூலி குறைகிறது. மொத்த எடை 1234 கிலோ ஆகி, அதை மூன்றே இலக்கங்கள் கொண்ட கோபால் அச்சில் வைத்தால் முன்னிலக்கம் விழுந்து 234 ஆகிவிடும். தொலைபேசிக் குறியீட்டையும் பாருங்கள். பாலக்காட்டின் 0491 என்பதை எண்ணாகக் கொண்டால் முன்னிருக்கும் சுழியம் மறைந்து 491 ஆகும். அந்த இலக்கங்களை அழைத்தால் பாலக்காடு கிடைக்காது. மூணாற்றின் 04865 எவ்வாறு மாறும் என்று உங்கள் குறிப்பேட்டில் எழுதிப் பாருங்கள்.

ஆகவே, பெயர்ப்பி ஒவ்வோர் இனமாற்றத்திலும் நின்று பார்க்க வேண்டும். தீங்கற்றதை விட வேண்டும், ஐயத்திற்குரியதை எச்சரிக்க வேண்டும், எழுத்தை எண்ணின் இடத்தில் வைப்பது போன்றவற்றை மறுக்க வேண்டும். அந்தப் பெயர்ப்பியிலேயே பிழை இருந்தால்? எச்சரிக்க வேண்டியதை அது வாய் திறவாமல் விட்டுவிடும்; அல்லது முறையான நிரலையும் மறுத்துவிடும். நிரல் எழுதியவர் தம் நிரலையே திரும்பத் திரும்பப் படித்துப் பிழை காணாமல் திகைப்பார். பிழை அவர் எழுத்தில் இல்லையே!

இந்த இடத்தில்தான் ஹாப்பரின் இரண்டாம் பணி தொடங்குகிறது. 1966ஆம் ஆண்டின் இறுதியில் கடற்படை அவருக்கு ஓய்வளித்தது. மறு ஆண்டே ஆறு மாதப் பணி என்று திரும்ப அழைத்தது. கடற்படையில் பல நிறுவனங்களின் கணினிகள் இருந்தன. ஒவ்வொன்றின் பெயர்ப்பியும் கோபால் மொழியைத் தன் போக்கில் பெயர்த்தது. ஒரு கணினியில் சரியாக இயங்கிய நிரல் மற்றொன்றில் தடுமாறியது. ஹாப்பரும் அவர் குழுவினரும், பெயர்ப்பிகளுக்குத் தேர்வு வைக்கும் நிரல்களை உருவாக்கினர். அத்தகைய தேர்வு நிரல் சிறியது. அதன் சரியான விடை முன்னமே தெரிந்தது. பெயர்ப்பியின் வழியே அதை இயக்கி, வரும் விடையைத் தெரிந்த விடையோடு ஒப்பிடுவர். மாறினால் குற்றம் பெயர்ப்பியினுடையது. திருத்துவது அதைச் செய்த நிறுவனத்தின் கடமை.

இன்றும் பெயர்ப்பியின் பிழை இவ்வாறே களையப்படுகிறது. பெரிய நிரலில் பிழை தென்பட்டால், அதே பிழையைக் காட்டும் மிகச் சிறிய நிரலாக அதைச் சுருக்குவர். பெயர்ப்பிக்குள் எந்தச் சரிபார்ப்பு விடுபட்டது அல்லது வரிசை மாறியது என்று தேடித் திருத்துவர். திருத்திய பின் அச்சிறு நிரலை எறிந்துவிடுவதில்லை. தேர்வுத் தொகுப்பில் சேர்த்துவிடுவர். நாளை வேறொருவர் பெயர்ப்பியை மாற்றும்போது பழைய பிழை மீண்டும் நுழைந்தால் அது காட்டிக்கொடுக்கும்.

சரிபார்ப்பைக் கைவிட்டால் நேர்வதை, ஹாப்பர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் உலகம் கண்டது. 1996 ஜூன் 4ஆம் நாள் ஐரோப்பிய நாடுகளின் ஏரியன் 5 ஏவூர்தி, புறப்பட்டு ஒரு நிமிடம் ஆவதற்குள் வெடித்துச் சிதறியது. அதன் மென்பொருளில் 64 பிட் அளவுள்ள பதின்ம எண் ஒன்று 16 பிட் முழு எண்ணாக மாற்றப்பட்டது. அவ்விடத்தில் 32767க்கு மேற்பட்ட எண் அடங்காது; வந்ததோ அதனினும் பெரியது. இங்கே பெயர்ப்பி குற்றமற்றது. இடர் விளைக்கக்கூடிய ஏழு மாறிகளுள் நான்கிற்கு மட்டும் காப்புச் செய்து, மூன்றை மனிதர்களே அறிந்து விட்டிருந்தனர். அம்மூன்றில் ஒன்றே எல்லை கடந்தது.

ஆறு மாதம் என்று அழைக்கப்பட்ட ஹாப்பர் 19 ஆண்டுகள் கடற்படையில் நீடித்தார். இடையில், ஏறக்குறைய 30 செ.மீ. நீளமுள்ள கம்பித் துண்டுகளை மாணவர்களுக்கு வழங்கி, ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி செல்லக்கூடிய தொலைவு அதுவே என விளக்கினார். கடற்படைத் தளபதிகளுக்கும் அதே கம்பிதான். 1986 ஆகஸ்டில், பாஸ்டன் துறைமுகத்தில் நின்ற கான்ஸ்டிடியூஷன் என்னும் பழம்பெரும் கப்பலில், தம் 79ஆம் வயதில் ஓய்வு பெற்றார். அப்போதும் வீட்டில் அமராமல் ஒரு கணினி நிறுவனத்தின் ஆலோசகராகச் சேர்ந்தார். 1992 ஜனவரி 1ஆம் நாள் மறைந்தார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். கடற்படைக் கப்பல் ஒன்று அவர் பெயரைத் தாங்கி ஓடுகிறது.

விட்டில்பூச்சி ஒட்டிய பதிவேடு வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. கடற்படையில் தொடங்கிய கோபால் தேர்வு நிரல்கள் வளர்ந்து, பின்னர் அமெரிக்க அரசின் தர நிறுவனத்திடம் சென்று சேர்ந்தன. எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய குனு கோபால் பெயர்ப்பியைப் பேணி வருவோர், அதில் மாற்றம் செய்தபின் இன்றும் அந்தத் தேர்வுத் தொகுப்பை இயக்கிப் பார்க்கின்றனர்.